தெரிவதற்கும் தடுப்பதற்கும் நடுவே: கவனக்குறைவுக் கோளாறும் குற்றப் பொறுப்பும்

இங்கிலாந்தில் 1996-இல் ஒரு கொலை வழக்கு விசாரணைக்கு வந்தது. குற்றம் நடந்தபோது குற்றம்சாட்டப்பட்ட பையனுக்கு 14 வயது, விசாரணையின்போது 15. தன் தரப்பைச் சொல்ல அவன் சாட்சிக்கூண்டில் ஏறவில்லை. குற்றம்சாட்டப்பட்டவர் வாய் திறக்காவிட்டால் அந்த மௌனத்தையே அவருக்கு எதிராக ஜூரிகள் எடுத்துக்கொள்ளலாம் என்று 1994-இல் வந்த சட்டம் அங்கே இடம் கொடுத்திருந்தது. ஜூரிகள் அவனைக் குற்றவாளி என்றார்கள். முதல் மேல்முறையீடு தோற்றது. ஏடிஎச்டி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் கோளாறு அவனுக்கு இருந்தது என்ற மருத்துவச் சான்று பல ஆண்டுகள் கழித்தே நீதிமன்றத்துக்கு வந்தது. 2004-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது.

கோளாறு இருந்ததால் அவன் பொறுப்பாளி அல்ல என்று நீதிமன்றம் சொல்லவில்லை. கேள்வியை மனத்தில் பிடித்துவைத்து, பதிலைக் கோத்து, குறுக்கு விசாரணையின் நடுவில் தடம் மாறாமல் நிற்பது இப்படிப்பட்ட ஒரு சிறுவனுக்கு எவ்வளவு கடினம் என்பது முன்பே தெரிந்திருந்தால், அவன் மௌனத்தைக் குற்றத்தின் அடையாளமாக வாசிக்க ஜூரிகளை விட்டிருப்பார்களா என்பதுதான் அங்கே எழுந்த கேள்வி.

கவனக்குறைவுக் கோளாறும் குற்றமும் சேர்ந்து பேசப்படும்போதெல்லாம் விவாதம் ஒரே இடத்துக்கு ஓடுகிறது: இதைச் சொல்லி ஒருவர் தண்டனையிலிருந்து தப்பிக்கலாமா? அதற்குப் பதில் சுருக்கமானது. முடியாது, பெரும்பாலான நாடுகளின் சட்டம் அப்படித்தான் சொல்கிறது, அது சரியென்றே நானும் கருதுகிறேன். ஆனால் அந்தப் பதிலோடு கோப்பை மூடிவிடுகிறார்கள். விசாரணை நடக்கும் விதத்திலும், தண்டனையை அளக்கும் விதத்திலும், கவனத் தவறையே குற்றமாக்கும் பிரிவுகளிலும், சிறார் வழக்குகளிலும் இந்தக் கோளாறுக்கு நிஜமான இடம் உண்டு. அந்த இடங்களில்தான் நம் நீதிமன்றங்கள் இதைப் பார்க்காமல் கடந்து போகின்றன.

கோளாறு எங்கே வேலை செய்கிறது

லண்டன் குழந்தை மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் 1902-இல் ராயல் மருத்துவர் கல்லூரியில் ஆற்றிய உரைகள் இந்தக் கோளாறின் வரலாற்றில் முக்கியமானவை. அறிவுக் குறைபாடு எதுவும் இல்லாமலே அடங்காத, பின்விளைவை எண்ணாத, தண்டித்தாலும் மாறாத குழந்தைகளை அவர் விவரித்தார். அவர்களிடம் அவர் கண்ட குறை ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை. ஆகவே நன்மை தீமை என்ற கேள்வி இந்த நோய்க்குப் பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டதல்ல. ஒழுக்கத் தீர்ப்பாக இருந்ததை மருத்துவம் மெல்ல மெல்லத்தான் விலக்கியது. 1937-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் சார்லஸ் பிராட்லி 30 குழந்தைகளுக்கு பென்சிட்ரின் என்ற ஊக்க மருந்தைக் கொடுத்தபோது, அவர்களில் பலர் அமைதியாக உட்கார்ந்து படிக்கத் தொடங்கினார்கள். 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு கவனக்குறைவை நோயின் பெயரிலேயே வைத்தது. 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பு, அறிகுறிகள் 12 வயதுக்குள் தெரிந்திருந்தால் போதும் என்று வரம்பைத் தளர்த்தியது. அதற்கு முன் 7 வயதாக இருந்தது. பெரியவர்களுக்கு ஆறு அறிகுறிகளுக்குப் பதில் ஐந்து போதும் என்றும் சொன்னது.

இன்றைய புரிதலில் இது பெரும்பாலும் மரபுவழி வருவது, மூளையின் முன்பகுதி வளர்ச்சியோடும் டோபமைன், நார்அட்ரினலின் போன்ற வேதிப்பொருள்களின் செயல்பாட்டோடும் தொடர்புடையது. பிலிப் ஷாவும் அவரோடு பணியாற்றியவர்களும் 2007-இல் வெளியிட்ட மூளைப் படப் பிடிப்பு ஆய்வு பெரிதும் பேசப்பட்டது. மூளைப் புறணியின் பாதிப் புள்ளிகள் தம் உச்சத் தடிமனை எட்டும் வயது மற்றக் குழந்தைகளுக்கு ஏழரை என்றால், ஏடிஎச்டி உள்ளவர்களுக்குப் பத்தரை. தன்னை அடக்கிக்கொள்ளவும் திட்டமிடவும் தேவையான முன்பகுதியில்தான் இந்தத் தாமதம் அதிகம். ரசல் பார்க்லி என்ற உளவியலாளர் 1997-இல் இந்தக் கோளாறின் மையமாகக் கவனத்தை வைக்கவில்லை, உந்துதலை நிறுத்திவைக்கும் ஆற்றலில் உள்ள குறையை வைத்தார். நிறுத்த முடிந்தால்தான் யோசிக்க நேரம் கிடைக்கும். அந்த நேரம் இவர்களுக்குக் குறைவு.

சட்டத்துக்கு முக்கியமானது இந்த இடம்தான். அடுத்தவன் பொருளை எடுப்பது தவறு, அடித்தால் வலிக்கும், கத்தி எடுத்தால் உயிர் போகும் என்பதெல்லாம் இவர்களுக்கு நன்றாகவே தெரியும். ஒரு மணி நேரம் கழித்துக் கேட்டால் மற்றவர்களைப் போலவே சொல்வார்கள், பல சமயம் மனமுடைந்து அழுதுகொண்டே சொல்வார்கள். தெரிந்தது கைக்கு எட்டும் முன்பே கை நீண்டுவிடுகிறது. இது எப்போதும் ஒரே அளவில் இருப்பதும் இல்லை. பாடப் புத்தகத்தில் பத்து நிமிடம் நிற்காத பையன் வீடியோ விளையாட்டில் மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பான். வகுப்பில் நாள் முழுக்கத் தலைவலியாக இருப்பவன், மருத்துவரின் அறையில் அரை மணி நேரம் பெட்டிப் பாம்பாக இருப்பான். இதைப் பார்க்கும் ஆசிரியரும் காவலரும் நீதிபதியும் "நினைத்தால் அவனால் முடியும், அவன்தான் செய்ய மாட்டேன் என்கிறான்" என்ற முடிவுக்கு வருவது இயல்பு. இந்த ஏற்ற இறக்கமே கோளாறின் ஓர் அடையாளம் என்பது நீதிமன்றத்தில் விளக்கப்படாவிட்டால், மருத்துவச் சான்று வெறும் சாக்காகத்தான் காதில் விழும்.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

உலக அளவில் குழந்தைகளில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினருக்கும், பெரியவர்களில் இரண்டரை விழுக்காட்டினருக்கும் இந்தக் கோளாறு இருப்பதாகக் கணிக்கிறார்கள். கோயம்புத்தூர்த் தொடக்கப் பள்ளிகளில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வு ஒன்று 11 விழுக்காட்டுக்குச் சற்று மேல் என்றது. கேள்வித்தாளை வைத்து அளந்தால் எண் கூடுவது வழக்கம் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். சிறைகளில் இந்த விகிதம் பல மடங்கு. சூசன் யங்கும் பிறரும் 42 ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வெளியிட்ட கணக்கில், சிறையில் இருப்பவர்களில் நான்கில் ஒருவருக்கு ஏடிஎச்டி. சீனா ஃபசல் குழுவினர் காவலில் உள்ள சிறாரைப் பற்றி 2008-இல் வெளியிட்ட தொகுப்பில் எண்கள் குறைவு: பையன்களில் சுமார் 12 விழுக்காடு, பெண் பிள்ளைகளில் 18 விழுக்காட்டுக்கு மேல். குறைந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும் வெளியே உள்ளதைவிட இரு மடங்குக்கு மேல்தான் வருகிறது.

இதிலிருந்து "ஏடிஎச்டி வந்தால் குற்றவாளி ஆவான்" என்ற முடிவுக்குத் தாவுபவர்கள் உண்டு. இப்படி ஒரு குழந்தையை வளர்க்கும் தாய் தந்தையர் இந்த வரியைப் படித்து நடுங்குவார்கள் என்பதால் அதை நேராகச் சொல்லியாக வேண்டும்: அந்த முடிவு தவறு. நியூயார்க்கில் மன்னுசா, கிளைன் ஆகியோர், நடத்தைக் கோளாறு இல்லாமல் ஏடிஎச்டி மட்டும் இருந்த 207 சிறுவர்களைப் பெரியவர்களாகும் வரை தொடர்ந்து, 2008-இல் கைது ஆவணங்களோடு ஒப்பிட்டார்கள். அவர்களில் 47 விழுக்காட்டினர் ஒரு முறையேனும் கைதாகியிருந்தார்கள். ஒப்பீட்டுக் குழுவில் அது 24. அச்சம் தரும் வேறுபாடுதான். ஆனால் வளரிளம் பருவத்தில் போதைப் பழக்கமோ சமூக விரோத நடத்தையோ சேர்ந்துகொண்டவர்களே இந்த வேறுபாட்டை முழுக்க உண்டாக்கினார்கள். அந்த இரண்டும் ஒட்டாத பிள்ளைகளிடம் கூடுதல் அபாயம் தெரியவில்லை. பள்ளியிலிருந்து விரட்டப்படாமல், வீட்டில் அடிபட்டே வளராமல், கெட்ட சேர்க்கைக்குத் தள்ளப்படாமல் பார்த்துக்கொண்டால் வழி மாறிவிடும் என்று நான் இதைப் படிக்கிறேன்.

சட்டம் கேட்கும் கேள்வி

1843 ஜனவரியில் டேனியல் மக்நாட்டன் என்பவர், பிரிட்டிஷ் பிரதமர் ராபர்ட் பீலின் செயலாளரான எட்வர்ட் டிரம்மண்டைச் சுட்டார். அவர் மனநிலை பிறழ்ந்தவர் என்று விடுவிக்கப்பட்டதை ஒட்டி எழுந்த கூச்சலில் மக்நாட்டன் விதிகள் பிறந்தன. அவற்றைத் தழுவி இந்திய தண்டனைச் சட்டத்தின் 84-ஆவது பிரிவு எழுதப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அதே பிரிவு 22 என்ற எண்ணில் உட்கார்ந்திருக்கிறது. சித்த சுவாதீனம் இல்லாததால், செய்யும் செயல் இன்னதென்றோ, அது தவறு அல்லது சட்ட விரோதம் என்றோ அறிய முடியாத நிலையில் ஒருவர் இருந்தால் மட்டும் அது குற்றம் ஆகாது. 180 ஆண்டுகளாகக் கேட்கப்படும் கேள்வி ஒன்றே: தெரிந்ததா, தெரியவில்லையா? தெரிந்தும் தடுத்துக்கொள்ள முடிந்ததா என்ற கேள்வி இந்தப் பிரிவில் இல்லை. 1971-இல் சட்ட ஆணையம் தன் 42-ஆவது அறிக்கையில் இந்தப் பிரிவைப் பரிசீலித்து, மாற்ற வேண்டியதில்லை என்றது. மருத்துவர் சொல்லும் மனநோயும் சட்டம் ஏற்கும் பிறழ்வும் வேறு வேறு என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லிவந்திருக்கிறது. ஏடிஎச்டியைக் காட்டி 22-ஆவது பிரிவின் கதவைத் தட்டினால் அது திறக்காது.

திறக்க வேண்டுமா? ஸ்டீபன் மோர்ஸ் என்ற அமெரிக்கச் சட்ட அறிஞர் பல ஆண்டுகளாக ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறார். ஒரு செயலுக்குக் காரணம் கண்டுபிடித்துவிட்டோம் என்பதாலேயே செய்தவரின் பொறுப்பு போய்விடாது. எல்லாச் செயலுக்கும் மூளையில் ஏதோ ஒரு காரணம் இருக்கத்தான் செய்யும். மூளைப் படத்தைக் காட்டிவிட்டால் வழக்கு முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு இது நல்ல பதில். எச்.எல்.ஏ. ஹார்ட்டின் அளவுகோல் இன்னும் பயனுள்ளது: சட்டத்துக்குக் கட்டுப்பட அவருக்குத் திறனும் நியாயமான வாய்ப்பும் இருந்தனவா? ஏடிஎச்டி உள்ள பெரும்பாலோருக்குத் திறன் குறைந்திருக்கிறது, இல்லாமல் போகவில்லை. நாளெல்லாம் எத்தனையோ உந்துதல்களை அவர்கள் அடக்கித்தான் வாழ்கிறார்கள். அவர்களை முற்றிலும் பொறுப்பற்றவர்கள் என்று அறிவிப்பது, அந்தப் போராட்டத்தை மதிக்காததும் ஆகும். சட்டத்தின் முன் பொறுப்பாளியாக நடத்தப்படுவதும் மனிதருக்குரிய மதிப்பில் ஒரு பகுதி என்பதை நான் நம்புகிறேன்.

பிற நாடுகள் இந்த இடைவெளியைப் பலவிதமாகக் கையாள்கின்றன. நமக்கு நெருக்கமானது சிங்கப்பூர். அங்கேயும் மூலம் மெக்காலே வரைந்த அதே தண்டனைச் சட்டம், அதே 84-ஆவது பிரிவு. 2020 முதல் அந்தப் பிரிவில் மூன்றாவது கிளை ஒன்று சேர்ந்தது: தன் செயலைக் கட்டுப்படுத்தும் ஆற்றலை ஒருவர் முழுவதுமாக இழந்திருந்தால் அதுவும் விலக்கு. "முழுவதுமாக" என்பதால் ஏடிஎச்டி இதிலும் நுழையாது. ஆனால் கொலைக் குற்றத்தைக் குறைக்கும் விதிவிலக்காக, மன ஆற்றல் கணிசமாகக் குன்றியிருந்த நிலையை 1961-லிருந்தே அந்நாடு வைத்திருக்கிறது. இங்கிலாந்திலும் 1957 முதல் அப்படி ஒரு வழி உண்டு. 2010 முதல் நடப்பில் உள்ள திருத்தம், மருத்துவத்தால் ஏற்கப்பட்ட ஒரு நிலை தன்னடக்கத்தைக் கணிசமாகக் குறைத்திருந்தால் கொலை என்பது கைமோசக் கொலை என்ற குறைந்த குற்றமாக இறங்கலாம் என்கிறது. ஏடிஎச்டி தனியாக நின்று இந்த வாதத்தில் வெல்வது அரிது. வேறு பாதிப்புகளோடு சேரும்போதுதான் எடை கூடும். ஜெர்மனியின் தண்டனைச் சட்டத்தில் முழு விலக்குக்கு 20-ஆவது பிரிவும், குறைந்த பொறுப்புக்கு 21-ஆவது பிரிவும் தனித்தனியே உண்டு, பின்னது எல்லாக் குற்றத்துக்கும் பொருந்தும். சுவீடன் 1965-இல் பொறுப்பு இல்லாதவர் என்ற வகையையே நீக்கிவிட்டு, யாரைச் சிறைக்கு அனுப்புவது, யாரை மருத்துவமனைக்கு அனுப்புவது என்ற கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டது. அமெரிக்காவோ எதிர்த் திசையில் போனது. அதிபர் ரீகனைச் சுட்டவர் 1982-இல் விடுவிக்கப்பட்ட பிறகு, 1984-இல் கூட்டாட்சிச் சட்டத்திலிருந்து தன்னடக்கக் கிளை வெட்டப்பட்டது. அடக்க முடியாத உந்துதல் எது, அடக்காமல் விட்ட உந்துதல் எது என்று கோடு போட மருத்துவத்தால் இயலாது என்பது அப்போது அந்நாட்டு மனநல மருத்துவர் சங்கமே எடுத்த நிலை.

அந்தச் சங்கம் சொன்னது இன்றும் செல்லும். ஆகவே முழு விலக்கு கேட்பதை நான் ஆதரிக்கவில்லை. இந்தியச் சட்டத்தில் முழு விலக்குக்கும் முழுப் பொறுப்புக்கும் நடுவே படி எதுவும் இல்லை என்பதுதான் என் குறை. திடீர் ஆத்திரமூட்டல் என்ற விதிவிலக்கு உண்டு. ஆனால் 1961-இன் நானாவதி வழக்கு முதல், அங்கே சராசரி மனிதர் ஒருவர் நிலைகுலைந்திருப்பாரா என்றுதான் பார்க்கிறார்கள். நிலைகுலைவது யாருக்கு எளிதோ அவருடைய அளவுகோல் அங்கே இல்லை. வழக்கறிஞர்கள் இன்றைக்கே பிடித்துக்கொள்ளக்கூடிய ஒரு கயிறு 1964-இன் தாயாபாய் தக்கர் தீர்ப்பில் இருக்கிறது. பிறழ்வு முழுமையாக நிரூபணமாகாவிட்டாலும், அதற்காகக் காட்டிய சான்று குற்ற நோக்கம் பற்றியே நியாயமான ஐயத்தை எழுப்பினால் அதன் பலன் குற்றம்சாட்டப்பட்டவருக்குப் போகும். கடையில் பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு பணம் கொடுக்க மறந்து வெளியே வந்தவரின் திருட்டு வழக்கில், நேர்மையற்ற நோக்கம் இருந்ததா என்ற கேள்விக்கு இது நேராகப் பொருந்தும்.

கவனப் பிசகே குற்றமாகும்போது

சட்ட நூல்கள் அதிகம் தொடாத பகுதி ஒன்று உண்டு. கவனக்குறைவால் உயிர்ப்பலி ஏற்படுத்துவது பழைய சட்டத்தில் 304-ஏ, இப்போது 106. ஐந்து ஆண்டு வரை சிறை. இங்கே நோக்கம் தேவையில்லை. ஒரு நியாயமான மனிதர் காட்டியிருக்க வேண்டிய கவனத்தைக் காட்டவில்லை என்பதே குற்றம். கவனம் செலுத்துவதில்தான் ஒருவருக்குக் கோளாறு என்றால் என்ன செய்வது?

சுவீடனில் 17,408 ஏடிஎச்டி நோயாளிகளின் பதிவேடுகளை வைத்து நடந்த ஆய்வு 2014-இல் வெளியானது. இந்தக் கோளாறு உள்ளவர்கள் கடும் சாலை விபத்தில் சிக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ஆனால் ஆண்கள் மருந்து எடுத்துக்கொண்ட காலங்களில் அது 58 விழுக்காடு குறைந்தது. மருந்தில்லாத காலத்தில் நேர்ந்த விபத்துக்கு அவர் எந்த அளவு பொறுப்பு? தனக்குக் கோளாறு இருப்பதே தெரியாமல் ஓட்டுபவரும், தெரிந்து, மருத்துவர் எச்சரித்த பின்பும் மாத்திரையைத் தூக்கி வைத்துவிட்டு லாரி ஓட்டுபவரும் ஒன்றல்ல. முதலாமவருக்கு ஹார்ட் சொன்ன நியாயமான வாய்ப்பு கிடைக்கவே இல்லை. இரண்டாமவருக்குக் கிடைத்தது, ஓட்டத் தொடங்கும் முன்பே அவர் தவறிவிட்டார். ஆக, நோயறிதல் சில வழக்குகளில் பொறுப்பைக் கூட்டவும் செய்யும். கையில் போதிய பணம் இல்லாததால், அல்லது அந்த ஊரில் மருந்தே கிடைக்காததால் நிறுத்தியவர் மூன்றாவது வகை. இப்படி நபருக்கு நபர் பிரித்துப் பார்க்க இன்றைய நியாயமான மனிதர் அளவுகோலில் இடமில்லை. குற்றத்தை நிலைநாட்ட அந்த அளவுகோலே இருக்கட்டும்; சாலையில் போகும் மற்றவர்களின் உயிரும் கணக்கில் வர வேண்டும். தண்டனையின் அளவைத் தீர்மானிக்கும்போதாவது இந்த மூவரையும் பிரித்துப் பார்க்கலாம்.

காவல் நிலையமும் வாய்தாவும்

கீஸ்லி குட்ஜான்சன், சூசன் யங் ஆகியோர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், ஏடிஎச்டி உள்ள பெரியவர்கள் விசாரணைக் கேள்விகளுக்குத் "தெரியாது" என்ற பதிலை மற்றவர்களைவிட அதிகம் சொன்னார்கள். அதிகாரியின் காதில் இது மழுப்பலாக ஒலிக்கும். ஐஸ்லாந்துச் சிறைகளில் இதே ஆய்வாளர்கள் கேட்டபோது, செய்யாத குற்றத்தை எப்போதாவது ஒப்புக்கொண்டதாகச் சொன்னவர்கள் ஏடிஎச்டி அறிகுறி உள்ளவர்களிடையே அதிகம். அந்த அறையை விட்டு வெளியேறினால் போதும் என்ற தவிப்பு, நாளை வரப்போகும் சிறையைவிட இன்றைய இறுக்கத்தைப் பெரிதாகக் காட்டிவிடுகிறது. காவலரிடம் சொன்ன ஒப்புதல் நம் நாட்டில் சான்றாகாது என்பது ஒரு பாதுகாப்பு. ஆனால் பொருளைக் கண்டெடுக்க உதவிய பகுதி செல்லும். நடுவர் முன் பதியும் வாக்குமூலமும் செல்லும்.

பிறகு விசாரணை. சாட்சியம் முடிந்ததும் நீதிபதி குற்றம்சாட்டப்பட்டவரை நேரில் கேட்கும் கட்டம் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 313 என்று எல்லாருக்கும் பழகிய எண், அதன் இடத்தில் வந்த புதிய சட்டத்தில் இப்போது 351. நீண்ட நீண்ட வாக்கியங்களில் அடுக்கடுக்காய்க் கேள்விகள் வரும். மூன்றாவது கேள்வியிலேயே மனம் நழுவிவிட்ட ஒருவர் மீதிக்கெல்லாம் "தெரியாது", "பொய்" என்று வரிசையாகச் சொல்லிவிட்டு இறங்குவார். விளக்கம் சொல்லத் தவறினார் என்று தீர்ப்பில் எழுதப்படும். இங்கிலாந்தில் அந்தப் பையனின் மௌனத்துக்கு நேர்ந்தது இதுவேதான்.

எல்லாவற்றையும்விட எளிய, யாரும் ஆராயாத துன்பம் வாய்தாவில் இருக்கிறது. தேதி மறப்பதும், நேரம் தப்புவதும், தாளைத் தொலைப்பதும் இந்தக் கோளாறின் அன்றாட அறிகுறிகள். சின்ன அடிதடி வழக்கில் நிபந்தனை ஜாமீனில் வந்தவர் தினமும் காலை பத்தரை மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும். நான்கு நாள் தவறினால் ஜாமீன் ரத்துக்கு மனு. வாய்தாவுக்கு வராவிட்டால் பிடியாணை. வராததே தனிக் குற்றமும் ஆகும். முதல் குற்றத்துக்குக் கிடைக்காத சிறை மறதிக்குக் கிடைத்துவிடுகிறது. 2022-ஆம் ஆண்டின் தேசியச் சிறைப் புள்ளிவிவரத்தில் நான்கில் மூன்று கைதிகள் விசாரணைக் கைதிகள். அவர்களில் எத்தனை பேர் இப்படி உள்ளே வந்தவர்கள் என்று யாரும் எண்ணவில்லை. முதல் நாள் மாலை ஒரு குறுஞ்செய்தி, பொறுப்பேற்கும் உறவினர் ஒருவரின் பெயர், வாரம் ஒரு முறை கையெழுத்து: நீதிபதி நினைத்தால் எந்தப் புதிய சட்டமும் இல்லாமல் இவற்றை இன்றே ஆணையிடலாம்.

தண்டனையை அளக்கும்போது

மரண தண்டனை வழக்குகளில் மட்டும் நம் நீதிமன்றங்கள் மனநிலையைக் கூர்ந்து பார்க்கத் தொடங்கியிருக்கின்றன. 1980-இன் பச்சன் சிங் தீர்ப்பு மனக் குறைபாட்டைத் தண்டனை குறைக்கும் சூழல்களில் சேர்த்தது. 2022-இன் மனோஜ் தீர்ப்பு மனநல மதிப்பீட்டு அறிக்கையை விசாரணை நிலையிலேயே பெற வேண்டும் என்றது. சாதாரண வழக்குகளில் தண்டனை பற்றிக் கேட்பது பெரும்பாலும் ஒரு வரிச் சடங்கு: வயதான தாய் இருக்கிறார், திருமணமாகாத தங்கை இருக்கிறாள், கருணை காட்ட வேண்டுகிறேன். இங்கிலாந்து 2020 அக்டோபரில் மனநலக் கோளாறும் வளர்ச்சிக் கோளாறும் உள்ளவர்களின் தண்டனைக்கெனத் தனி வழிகாட்டுதலை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கோளாறு இருக்கிறது என்பதால் மட்டும் தண்டனை குறையாது. அந்தச் செயலோடு அதற்கு என்ன தொடர்பு என்று நீதிபதி எழுத வேண்டும். மூன்று வாரம் திட்டமிட்டு நடத்திய மோசடிக்கு ஏடிஎச்டி பதிலாகாது. பேருந்து நிலையத்தில் கண நேரச் சண்டையில் எறிந்த கல்லுக்கு ஆகலாம்.

சான்றின் நம்பகம் பற்றிய அச்சம் நியாயமானது. இரத்தப் பரிசோதனையோ மூளைப் படமோ இதை உறுதி செய்யாது. கேள்வித்தாளை இணையத்தில் படித்துவிட்டு நடிக்க முடியும். ஆனால் 12 வயதுக்கு முந்தைய சான்றை நடிக்க முடியாது. பழைய மதிப்பெண் அட்டை, ஆசிரியர் எழுதிய குறிப்பு, பள்ளி மாறிய கணக்கு, அம்மாவும் அத்தையும் தனித்தனியே சொல்லும் பிள்ளைப் பருவம் ஆகியவை பொய்யைப் பெருமளவு வடிகட்டிவிடும். எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. "இவனால் தன்னை அடக்க முடியாது" என்ற சான்றைப் படிக்கும் நீதிபதி, அப்படியானால் இவன் வெளியில் இருப்பதே ஆபத்து என்று தண்டனையைக் கூட்டலாம். இந்த வாதத்தை எடுக்கும் வழக்கறிஞர், சிகிச்சை என்ன, அது எங்கே கிடைக்கும், யார் மேற்பார்வை என்பதையும் சேர்த்தே வைக்க வேண்டும்.

சிகிச்சை உதவுமா? 25,656 ஏடிஎச்டி நோயாளிகளைப் பற்றி பால் லிக்டென்ஸ்டைன் குழுவினர் சுவீடனில் செய்து 2012-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே நபர் மருந்து எடுத்த காலத்தையும் எடுக்காத காலத்தையும் ஒப்பிட்டார்கள். மருந்துக் காலத்தில் குற்றத் தீர்ப்புகள் ஆண்களிடம் 32 விழுக்காடும் பெண்களிடம் 41 விழுக்காடும் குறைந்தன. மனச்சோர்வு மருந்துகளுக்கு அந்த விளைவு தெரியவில்லை என்பதால், ஒழுங்காக இருக்கும் காலத்தில்தானே மருந்தும் எடுப்பார்கள் என்ற ஐயம் ஓரளவு நீங்குகிறது. அதே ஆண்டு சுவீடனின் நோர்டெல்யே சிறையில் 30 கைதிகளிடம் நடந்த சோதனையிலும் மீத்தைல்ஃபெனிடேட் என்ற ஏடிஎச்டி மருந்து நல்ல பலன் தந்தது. ஆனால் லண்டனிலும் ஸ்காட்லாந்திலும் 16 முதல் 25 வயது வரையான 200 இளம் கைதிகளிடம் நடந்து 2023-இல் வெளியான பெரிய சோதனையில், எட்டு வாரத்துக்குப் பின் மருந்துக்கும் வெற்று மாத்திரைக்கும் வேறுபாடு இல்லை. சிறு வயது வன்முறை, போதை, மனக்காயம் என்று பலதும் பின்னிக் கிடக்கும் இளைஞர்களிடம் ஒரு மாத்திரை தனியாக நின்று பெரிதாக எதுவும் செய்துவிடாது. மருந்து கொடுத்தால் குற்றம் தீரும் என்று சொல்லித் திரிபவர்கள் இந்த முடிவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பதினாறு வயதுப் பையன்

இந்தியாவில் இந்தக் கேள்வி மிகக் கூர்மையாக நிற்கும் இடம் 2015-இன் சிறார் நீதிச் சட்டம், 15-ஆவது பிரிவு. கொடுங்குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் 16 முதல் 18 வயதுள்ளவரைப் பெரியவர்போல விசாரிக்கலாமா என்று இளைஞர் நீதிக் குழுமம் முன்மதிப்பீடு செய்ய வேண்டும். அந்தக் குற்றத்தைச் செய்யும் மனத் திறனும் உடல் திறனும் இருந்தனவா, விளைவைப் புரிந்துகொள்ள முடிந்ததா, எந்தச் சூழலில் நடந்தது என்பவை கேள்விகள். ஷாவின் ஆய்வு காட்டிய மூன்று ஆண்டுத் தாமதத்தை இங்கே நினைத்துப் பாருங்கள். அந்தக் கணக்கை அப்படியே 16 வயதுக்கு ஏற்றிவிட முடியாதுதான். ஆனால் பிறந்த தேதியை மட்டும் வைத்து முதிர்ச்சியை முடிவு செய்வது இந்தப் பிள்ளைகள் விஷயத்தில் எவ்வளவு பிழையாகும் என்பதை அது சொல்கிறது.

நடைமுறையில் பல மதிப்பீடுகள் நுண்ணறிவுச் சோதனையோடும், "செய்தது தவறு என்று தெரியுமா?" என்ற கேள்வியோடும் முடிந்துவிடுகின்றன. தெரியும் என்று பையன் சொல்வான். கோளாறு உள்ளவனும் சொல்வான். விளைவைப் பிற்பாடு விளக்கத் தெரிவதும், சம்பவ நொடியில் அதை மனத்தில் நிறுத்த முடிவதும் வேறு வேறு. 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இந்த மதிப்பீடு நுட்பமான பணி என்றும், குழந்தை உளவியலோ மனநல மருத்துவமோ பயின்றவர் குழுமத்தில் இல்லையென்றால் வெளியிலிருந்து வல்லுநர் உதவியைக் கட்டாயம் பெற வேண்டும் என்றும் கூறியது. அந்த வல்லுநரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதில்தான் இனி வேலை இருக்கிறது. தனியாகச் செய்தானா, கூட்டாளிகளின் தூண்டுதலில் செய்தானா. சம்பவத்துக்கும் அதற்கு முந்தைய பேச்சுக்கும் இடையே எவ்வளவு நேரம். மூன்றாம் வகுப்பில் எப்படி இருந்தான். எப்போதாவது மருந்தோ பயிற்சியோ கிடைத்ததா. கூர்நோக்கு இல்லத்தில் சேர்ந்த பிறகு ஒழுங்கான அட்டவணைக்குள் அவன் நடத்தை மாறியதா.

சட்டம் இந்த முன்மதிப்பீட்டுக்குக் கொடுக்கும் காலம் மூன்று மாதம். பள்ளியின் பழைய பதிவேடுகளைத் தேடி எடுக்கவும், தாயிடமும் ஆசிரியரிடமும் தனித்தனியே பேசவும், கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை போன்ற அரசு நிறுவனம் ஒன்றில் இரண்டு மூன்று அமர்வுகளில் பையனைப் பார்க்கவும் அது போதும். அந்தப் பதிவேடுகள் குழுமத்தின் மேசைக்கு வராமல் 16 வயதுப் பையன் எவனையும் பெரியவர்களுக்கான விசாரணைக்கு அனுப்பக் கூடாது.